"வண்டி தானா நேரா போயிடுச்சு டாக்டர்"

கொஞ்சம் நீளமான பதிவு. பைக் ஓட்டுறவங்களும், பைக் ஓட்டுற பிள்ளைங்க வீட்ல இருக்கிறவங்களும் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி கொல்லிமலை அடிவாரத்துல இருந்து ரொம்ப தூரமில்லை. மலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவு. ஞாயித்துக்கிழமை ஆனா சேலம், ஈரோடு, பெங்களூரு, சென்னைன்னு எல்லா ஊர் நம்பர் பிளேட்டும் மேல போகும். அதுல சில வண்டிகளை ஓட்டிட்டுப் போனவங்க சாயங்காலம் ஆம்புலன்ஸ்ல என்கிட்ட வருவாங்க. அதனால ஞாயித்துக்கிழமை ட்யூட்டின்னா எங்க ஸ்டாஃப் நர்ஸ் அக்கா மதியமே தையல் செட்டை எடுத்து வச்சிடுவாங்க.

போன வருஷம் அப்படி வந்த ஒரு தம்பி. வயசு 22. நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறையில வெல்டர். நண்பர்களோட ஆகாய கங்கை அருவிக்குப் போயிட்டு இறங்கியிருக்கான். 70 வளைவையும் பத்திரமா முடிச்சிட்டான். அடிவாரம் தாண்டி, வீட்டுக்குப் போற ரோட்ல, சாதாரண ஒரு வலது வளைவு. எதிர்ல வண்டி இல்லை, மழை இல்லை, குடிக்கலை. ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி, சுண்ணாம்பு அடிச்ச கல்லுல மோதி விழுந்திருக்கான். இடது காறை எலும்பு உடைஞ்சிருச்சு, ரெண்டு விலா எலும்புல விரிசல். ஹெல்மெட் போட்டிருந்தான், அதனாலதான் உட்கார்ந்து பேசிட்டிருந்தான்.

எப்படிப்பா ஆச்சுன்னு கேட்டேன். "தெரியலை டாக்டர். நான் ஹேண்டில் பாரைத் திருப்பினேன். வண்டி தானா நேரா போயிடுச்சு."

பக்கத்துல நின்ன அவங்க அம்மா "பொய் சொல்றான் சார், ஃபோன் பார்த்திருப்பான்"னு அழுதாங்க. நான் அப்ப ஒண்ணும் சொல்லலை. ஆனா அவன் பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். இதே வாக்கியத்தை வேற வேற வாயில இருந்து பல தடவை கேட்டிருக்கேன். நானும் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு வளைவுல விழுந்து, எங்க சீனியர்கிட்ட இதேதான் சொன்னேன்.

வண்டி உண்மையிலேயே நேராத்தான் போகும். நம்ம கைதான் அதை அப்படிப் போக வைக்குது. இது புரிஞ்சா வளைவு பயம் பாதி குறையும். அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு கேள்வி. 50 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க, வண்டி வலது பக்கம் திரும்பணும். ஹேண்டில் பாரை என்ன செய்வீங்க?

"வலது பக்கம் திருப்புவேன்"னு சொன்னா, தப்பு. வலது கைப்பிடியை லேசா முன்னாடி தள்ளணும். அதாவது ஹேண்டில் ஒரு நொடி இடது பக்கம் போகணும். அப்ப முன் சக்கரம் வண்டிக்கு அடியில இருந்து இடது பக்கமா நழுவும், வண்டி வலது பக்கம் சாயும். சாய்ஞ்ச பிறகு முன் சக்கரம் தானாவே வலது பக்கம் திரும்பிக்கும், வண்டி வளையும். வலது பக்கம் போக வலது கையைத் தள்ளு, இடது பக்கம் போக இடது கையைத் தள்ளு. ஆங்கிலத்துல இதை கவுண்டர் ஸ்டீயரிங்னு சொல்வாங்க. தமிழ்ல எதிர்த் திருப்பம்னு வச்சுக்கலாம்.

"நான் 10 வருஷமா ஓட்டுறேன், இப்படியெல்லாம் பண்ணதே இல்லையே"ன்னு தோணும். பண்ணியிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாம. இல்லைன்னா அந்த வேகத்துல வண்டி திரும்பியே இருக்காது. விமானம் கண்டுபிடிச்ச ரைட் சகோதரர்கள் அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல டேட்டன் ஊர்ல சைக்கிள் கடை வச்சிருந்தவங்க. அதுல வில்பர் ரைட் பல சைக்கிள்காரங்ககிட்ட "இடது பக்கம் எப்படித் திரும்புறீங்க"ன்னு கேட்டுப் பார்த்திருக்கார். ஒருத்தர்கூட நடக்கிறதை முழுசா சரியா சொல்லலையாம். கைக்குத் தெரிஞ்சது மூளைக்குத் தெரியாது. நடக்கிறப்ப எந்தத் தசை எப்ப சுருங்குதுன்னு நமக்குத் தெரியாத மாதிரிதான்.

உடம்பைச் சாய்ச்சாலே வண்டி திரும்பிடும்னு ஒரு கட்சி உண்டு. அமெரிக்காவுல கீத் கோட்னு ஒரு ரேஸ் பயிற்சியாளர், கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கினவர். இந்தச் சண்டையைத் தீர்க்கவே ஒரு வண்டி செஞ்சார். வழக்கமான ஹேண்டிலோட கூட இன்னொரு ஹேண்டிலை, திரும்பவே முடியாதபடி சேசிஸ்ல இறுக்கி, அதுலயே ஒரு ஆக்சிலேட்டரும் வச்சார். அதைப் பிடிச்சு ஓட்டி, உடம்பை மட்டும் சாய்ச்சுத் திருப்பச் சொன்னா, வண்டி லேசா அலைபாயுமே தவிர ஒழுங்காத் திரும்பாது.

சரி, தெரியாமலே சரியாத்தானே செய்யறோம், அப்புறம் என்ன பிரச்சினை?

பயம் வர்ற வரைக்கும் பிரச்சினை இல்லை.

வளைவுக்குள்ள போனதும் "ஐயோ வேகம் ஜாஸ்தி"ன்னு தோணுற அந்த நொடியில உடம்புல என்ன நடக்குதுன்னு ஒரு டாக்டரா சொல்றேன். சிம்பதெடிக் நரம்பு மண்டலம் முழிச்சுக்கும். அட்ரினலின் ஏறும். கை இறுகும், தோள் மேல ஏறும், முழங்கை விறைக்கும். கண் ஆபத்தான பொருள் மேல ஒட்டிக்கும். பாம்பைப் பார்த்தா உறைஞ்சு நிக்கிறதுக்கு இது சரியான ஏற்பாடு. பைக் வளைவுல போறதுக்கு மொத்தமும் தப்பான ஏற்பாடு.

அந்த வெல்டர் தம்பி கேஸையே எடுத்துக்கலாம். வலது வளைவு. இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சா போதும், தப்பிச்சிருப்பான். அதுக்கு வலது கையை இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கணும். அவன் என்ன செஞ்சான்? பயத்துல ஹேண்டிலை "வலது பக்கம் திருப்பினேன்"னு அவனே சொன்னானே. அதாவது இடது கையைத் தள்ளியிருக்கான். வண்டிக்கு அது "இடது பக்கம் சாய்"னு ஒரு உத்தரவு. சாய்ஞ்சிருந்த வண்டி நிமிர்ந்திருச்சு. நிமிர்ந்த வண்டி எங்க போகும்? நேராத்தான்.

கூடவே முன் பிரேக்கையும் பிடிச்சிருப்பான். சாய்ஞ்ச வண்டியில டயர் தரையைத் தொடுற இடம் நடுவுல இருக்காது, சாய்ஞ்ச பக்கமா தள்ளியிருக்கும். அப்ப முன் பிரேக்கை அழுத்தினா வண்டி நிமிரப் பார்க்கும். ரொம்ப அழுத்தினா முன் டயர் வழுக்கி வண்டி படுத்துடும். ஏபிஎஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல விக்கிற புது வண்டி எல்லாத்துலயும் ஏபிஎஸ் கட்டாயம், நல்ல விஷயம். ஆனா சாதாரண ஏபிஎஸ் சாய்மானத்தைக் கணக்குல எடுக்காது. கேடிஎம் 390 அட்வென்ச்சர் மாதிரி சில வண்டிகள்ல மட்டும் வளைவுக்கான ஏபிஎஸ் இருக்கு.

மூணாவது, கண். "மோதுறதுக்கு முன்னாடி எதைப் பார்த்துட்டிருந்த?"ன்னு கேட்டேன். "அந்த வெள்ளைக் கல்லைத்தான் சார்." அந்தக் கல்லுக்கு ரெண்டு பக்கமும் வெறும் புல். ஒரு கல்லுதான் இருந்திருக்கு, அதையே போய் மோதியிருக்கான். விழித்திரையில துல்லியமாப் பார்க்கிற இடம் ரொம்பச் சின்னது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தா எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தச் சின்ன ஜன்னல் எதைப் பார்க்குதோ அதை நோக்கித்தான் கையும் உடம்பும் போகும்.

1994ல லேண்ட், லீன்னு ரெண்டு விஞ்ஞானிகள் நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கார் ஓட்டுறவங்க கண் எங்க போகுதுன்னு பதிவு பண்ணிப் பார்த்தாங்க. வளைவு வர்றதுக்கு 1 அல்லது 2 செகண்ட் முன்னாடியே கண் வளைவோட உள் ஓரத்துக்குப் போயிடுது. கண் முன்னாடி போகுது, கை பின்னாடி வருது. பைக்குக்கும் இதையேதான் பழகணும்.

பள்ளத்தைப் பார்க்காதீங்க, பள்ளத்துக்குப் பக்கத்துல இருக்கிற நல்ல ரோட்டைப் பாருங்க. கேட்க சுலபம், செய்யறது ரொம்பக் கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

இன்னொரு பழக்கம் சொல்றேன், எனக்கு ரொம்ப உதவினது. வளைவுல ரோட்டோட ரெண்டு ஓரமும் தூரத்துல ஒண்ணா சேர்ற மாதிரி ஒரு புள்ளி தெரியும். நீங்க போகப் போக அந்தப் புள்ளியும் உங்களை விட்டுத் தள்ளிப் போச்சுன்னா வளைவு விரியுதுன்னு அர்த்தம். அந்தப் புள்ளி உங்களை நோக்கி வந்தா வளைவு இன்னும் இறுகப் போகுது, உடனே வேகத்தைக் குறைங்க. மலை ரோட்ல போர்டு இல்லாத இடத்துலகூட இது வேலை செய்யும்.

இப்ப எனக்குக் கோபம் வர்ற விஷயத்துக்கு வர்றேன். எட்டு.

லைசென்ஸ் வாங்க எல்லாரும் எட்டு போட்டிருப்பீங்க. நடக்கிற வேகத்துல, காலை ஊனாம, ஹேண்டிலை நல்லா ஒடிச்சுத் திருப்பி. அந்த வேகத்துல ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். அது சரிதான், பேலன்ஸுக்கு நல்ல பயிற்சி. ஆனா வேகம் 25, 30 தாண்டினதும் கணக்கு தலைகீழ். அதை யாரும் சோதிக்கிறதும் இல்லை, சொல்லிக் குடுக்கிறதும் இல்லை. நம்ம பசங்க கையில பதிஞ்சிருக்கிற ஒரே பாடம் எட்டுதான். பயம் வந்த நொடியில கை அந்தப் பாடத்தைத்தான் ஒப்பிக்குது. அந்தத் தம்பி 50 கிலோமீட்டர் வேகத்துல எட்டு போடப் பார்த்தான்.

இங்கிலாந்துல 2009ல இருந்து பைக் லைசென்ஸ் டெஸ்ட்ல ஒரு பகுதி தனி மைதானத்துல நடக்குது. அங்க குறைஞ்சது 50 கிமீ வேகத்துல வந்து திடீர் பிரேக் அடிச்சு நிறுத்தணும். அதே வேகத்துல வந்து ஒரு தடையை விலகித் தாண்டணும். மெதுவா எட்டும் போடணும். 100 சிசி வண்டிக்குக்கூட 80 கிமீ வேகம் போகிற என்ஜினைக் குடுத்துட்டு, நடக்கிற வேகத்துல மட்டும் பரீட்சை வைக்கிறது என்ன நியாயம்? நீச்சல் பரீட்சையை முட்டியளவு தண்ணியில வச்சுட்டு காவேரியில இறக்கி விடுற மாதிரி இருக்கு. நம்ம டெஸ்ட்லயும் ஒரு வேக விலகல், ஒரு திடீர் பிரேக், ஒரு வளைவு சேர்க்கணும்ங்கிறது என் கருத்து. கிரவுண்டு வேணும், ஆள் வேணும், செலவாகும்னு சொல்வாங்க. ஒரு தொடை எலும்பு ஆபரேஷனுக்கு என்ன செலவு, எத்தனை மாச சம்பளம் போகும்னு எங்க வார்டுல வந்து கேட்கட்டும்.

இது புதுசா நான் கண்டுபிடிச்ச குறை இல்லை. 1981ல அமெரிக்காவுல ஹாரி ஹர்ட் குழுவோட அறிக்கை வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில 900 பைக் விபத்துகளை நேர்லயே போய் ஆராய்ஞ்சு எழுதினது. தனியா விழுந்த விபத்துகள்ல பெரும்பாலானதுக்கு ஓட்டினவரோட தப்புதான் காரணம். பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தி வழுக்குறது, வளைவுல வேகமா வந்து வெளிப்பக்கம் போயிடுறது. ஆபத்து தெரிஞ்சதுக்கும் மோதலுக்கும் நடுவுல பெரும்பாலும் 2 செகண்ட்கூட இல்லை. எதிர்த் திருப்பம் போட்டு விலகத் தெரிஞ்சவங்க கிட்டத்தட்ட யாருமே இல்லைன்னு அதுல எழுதியிருக்காங்க. 40 வருஷத்துக்கு மேல ஆச்சு.

அடுத்து வேகம். 20 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு. 30 கிமீல போனா வண்டி சுமார் 20 டிகிரி சாய்ஞ்சா போதும். 40ல 32 டிகிரி. 50ல ஏறக்குறைய 45 டிகிரி. பல சாதாரண வண்டிகள்ல அதுக்கு முன்னாடியே ஃபுட்ரெஸ்ட் தரையில உரசிடும். 20 கிமீ கூடினதுக்கு சாய்மானம் ரெண்டு மடங்குக்கும் மேல. "10 கிமீ தானே சார் ஜாஸ்தி போனேன்"னு சொல்ற தம்பிகளுக்காக இந்தக் கணக்கு.

அதனால பிரேக், கியர் எல்லாம் வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே முடிஞ்சிருக்கணும். "ரொம்ப மெதுவா வந்துட்டோமோ"ன்னு தோணுற வேகத்துல உள்ள நுழையுங்க. நுழைஞ்சு சாய்ஞ்ச பிறகு ஆக்சிலேட்டரை நூல் அளவு திறந்து சீரா வச்சிருங்க. எடை பின் சக்கரத்துக்குப் போகும், வண்டி அலையாம நிக்கும். வளைவு நடுவுல பயந்து ஆக்சிலேட்டரைப் பட்டுனு மூடினா முன்பக்கம் அமுங்கும், வண்டி ஆட்டம் காணும். மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறவங்களைப் பார்த்தா எனக்கு ரத்தம் கொதிக்கும். மிச்சம் பண்ற பெட்ரோல் டீ செலவுக்குக்கூட வராது. எந்த கியர்ல ஏறினீங்களோ அந்த கியர்ல இறங்குங்க.

வலது வளைவு பத்தி தனியா ஒரு விஷயம். டயர் உங்க லேன்லதான் இருக்கும். ஆனா நடுக்கோட்டை ஒட்டிப் போனா, சாய்ஞ்சிருக்கிற உங்க தலை கோட்டைத் தாண்டி எதிர் லேனுக்குள்ள இருக்கும். எதிர்ல வர்ற பஸ் டிரைவர் மேல தப்பே இருக்காது.

வண்டி விஷயத்துக்கு வருவோம். நான் மெக்கானிக் இல்லை. ஆனா என் வண்டி ஒரு காலத்துல வளைவுல கோணல் மாணலாப் போகும். என் மனசுலதான் கோளாறுன்னு 6 மாசம் நினைச்சிட்டிருந்தேன். கடைசியில எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாத் திருப்பிக் காட்டினார். நடுவுல வரும்போது "டக்"னு ஒரு பள்ளத்துல உட்கார்ற மாதிரி நின்னுச்சு. "பால் ரேஸ் தேய்ஞ்சிருச்சு சார், இது எப்படி வளையும்?" ஒரு மணி நேர வேலை. புது வண்டி வாங்கின மாதிரி இருந்தது. நீங்களும் இதைச் செஞ்சு பாருங்க. ஃபோர்க்கை அடியில பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்க, ஆட்டம் தெரியக் கூடாது.

காத்துக்கடையில நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா அவர் பாட்டுக்கு ஒரு அளவு அடிச்சு விட்டுடுவார். உங்க வண்டி செயின் கவர் பக்கத்துல அல்லது மேனுவல்ல சரியான அளவு இருக்கும், அதைச் சொல்லி வாரம் ஒரு தடவை அடிங்க. டயர் குளிர்ச்சியா இருக்கும்போது. காத்து குறைஞ்ச முன் டயரோட வளையிறது, அரைக் கால் செருப்போட ஓடுற மாதிரி. ஹைவேலயே ஓடி நடுவுல தட்டையாத் தேய்ஞ்ச டயர், பட்டன் இருந்தாலும், வளைவுல இழுத்துட்டு விழுற மாதிரி சாயும். புது டயர் போட்டா முதல் 100 கிமீ வழுக்கும், நிதானம். செயின் டைட் பண்ணும்போது பின் சக்கரம் கோணலா நிக்குதான்னு ரெண்டு பக்கக் கோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. தடிமனான டயர் போட்டா க்ரிப் கூடும்னு நினைச்சு பழைய ரிம்லயே பெரிய டயர் ஏத்துறாங்களே, அது பார்க்க அழகு, அவ்வளவுதான். டயரோட வடிவம் மாறி, வண்டி வளையவே சோம்பல் படும்.

பயிற்சி? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல எல்லாம் பயிற்சி வகுப்பு நடக்குது. காசும் நேரமும் இருந்தா போங்க, வீண் போகாது. இல்லாதவங்களுக்கு ஒரு காலி மைதானமும் ஹெல்மெட்டும் போதும். 30 கிமீ வேகத்துல நேரா போங்க. தோளைத் தளர்த்தி, முழங்கையை லேசா மடக்கி வச்சுக்கங்க. வலது உள்ளங்கையால ஒரு விரல் பலம் மட்டும் முன்னாடி தள்ளுங்க. வண்டி வலது பக்கம் விழப் பார்க்கும், விட்டா நிமிரும். அப்புறம் இடது. இதையே திரும்பத் திரும்ப. முழங்கை விறைச்சிருக்கான்னு தெரிய, கோழி இறக்கை அடிக்கிற மாதிரி ஆட்டிப் பாருங்க. சிரிப்பா இருக்கும், பரவாயில்லை, நானும் அப்படித்தான் ஆட்டுறேன்.

எனக்கு இடது வளைவு சரியா வரும், வலது வளைவுல இன்னும் கை இறுகும். ஹவுஸ் சர்ஜன் காலத்துல விழுந்தது வலது வளைவுல, ஜல்லியில. வலது கையிலதான் ஆக்சிலேட்டர், முன் பிரேக் ரெண்டும் இருக்கு, தள்ளவும் அதே கைதான். பலருக்கும் ஒரு பக்கம் பலவீனமாத்தான் இருக்கும். எது உங்களுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கம் அதிகம் பழகுங்க.

அந்தத் தம்பி 3 மாசம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தான். எலும்பு நல்லா கூடியிருந்தது. அம்மாவும் கூட வந்திருந்தாங்க. "இனி வண்டியே வேண்டாம்னு நீங்க சொன்னாத்தான் கேப்பான் சார்"னாங்க. சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா அவங்க ஊர்ல முதல் பஸ் ஏழரைக்கு. பட்டறையில 7 மணிக்கு நிக்கணும். பஸ்ல போன்னு நான் சொன்னா, என் முன்னாடி தலையாட்டிட்டு மறுநாள் பயத்தோட வண்டி ஓட்டுவான். இறுகின கையோட ஓட்டுறதுதான் இருக்கிறதுலயே ஆபத்து.

அதனால அம்மாவை உட்கார வச்சு, மேசை மேல ஒரு பேனாவைக் குறுக்க வச்சு, எதைத் தள்ளினா எது திரும்பும்னு ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். அம்மா சீக்கிரம் பிடிச்சுக்கிட்டாங்க. "அப்ப அன்னிக்கு இவன் பொய் சொல்லலையா சார்?"

இல்லைம்மா.

கொஞ்ச நேரம் பையனையே பார்த்தாங்க. அப்புறம், "ஞாயித்துக்கிழமை ஸ்கூல் கிரவுண்டு காலியாத்தான் இருக்கும், நான் வந்து நிக்கிறேன், நீ பழகு"ன்னாங்க.